காற்றுக்கே முதலிடம்

எரிசக்தித் துறையும் காலநிலைத் துறையும் ஒரே கொள்கையில் கையெழுத்துப் போட்டால்தான் செண்பகவல்லிக்கு விடிவு. அந்த இரண்டு துறைகளையும் ஒருங்கிணைப்பதற்கென்றே அவளை அதிகாரியாகப் போட்டிருந்தார்கள். எரிசக்திச் செயலாளர் ஞானதுரை, "காத்தாலை எத்தனை வேணா வைக்கிறேன், அனல்மின் நிலையத்தை மட்டும் மூடச் சொல்லாதீங்க" என்பார். காலநிலைச் செயலாளர் ராபியா, "அதை மூடாம என்ன சார் கொள்கை?" என்பார். ஒருவர் எழுதியதை மற்றவர் அடித்து, அடித்ததை மறுபடி எழுதி, கடைசியில் வரைவில் மிஞ்சியது ஒரே வரி: காற்றுக்கே முதலிடம். அதில் மட்டும் இருவருமே கை வைக்கவில்லை.

அன்று பார்த்துக் கூட்ட அறையில் மின்சாரம் போய்விட்டது. புழுக்கம் தாங்காமல் செண்பகவல்லி எழுந்துபோய், ஏசி வந்த நாளிலிருந்து திறக்காத ஜன்னலைத் தோளால் முட்டித் திறந்தாள். கடற்காற்று மேசை விரிப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தது.

"என்னா வேகம் பாருங்க. இதுல ஒரு ஊருக்கே கரண்ட் எடுக்கலாம்" என்றார் ஞானதுரை.

"பொகை வாடையே இல்ல. எல்லா ஊர்லயும் இப்படி இருக்கணும்" என்றார் ராபியா, மூச்சை ஆழ இழுத்து.

இருவரும் முகம் மலர்ந்து அந்த வரியின் கீழே கையெழுத்திட்டார்கள். செண்பகவல்லிக்கு அப்பாடா என்றிருந்தது. அவர்கள் போனதும் மொழிபெயர்ப்பாளர் கையெழுத்தான தாளோடு தயங்கியபடி வந்து நின்றார்.

"மேடம், இங்கிலீஷ்ல எதைப் போடறது? வீசுற காத்தா, சுவாசிக்கிற காத்தா?"

செண்பகவல்லி தாளை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"தமிழ்தானே ஆட்சிமொழி? தமிழ்லயே போகட்டும்."