சுண்டுவிரலின் ஓரம்

"ஆடாம இரு" என்று சொல்லி முடிப்பதற்குள் ஆடிவிட்டாள்.

நல்லவேளை, அச்சு அதற்குள் கெட்டிப்பட்டிருந்தது. குவளையில் இருந்த இளஞ்சிவப்புக் கூழ் ரப்பர் போல இறுகியதும், அவள் கையை மெல்ல உருவினேன். உள்ளே ஐந்து விரலுக்கும் குழிகள், கச்சிதமாக.

பல் செட் செய்யும் தொழிலில் எனக்குப் பதினாறு வருஷம். என் கையிலிருந்து போன ஒரு செட்கூட உறுத்துகிறது என்று திரும்பி வந்ததில்லை. குழந்தையின் கையை வார்த்தெடுப்பதெல்லாம் எனக்கு ஜுஜுபி.

அவள் என் மனைவியின் மகள். ஐந்து வயது. எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். அவள் எனக்கு வைத்த பெயர் பல்லு மாமா.

நாலு மணிக்கு அவளுடைய அப்பா வருவார், ஒரு வார விடுமுறைக்கு அழைத்துப் போக. பெரியப்பா, சித்தப்பா, அத்தை என்று அந்த வீட்டில் எல்லாரும் வருஷா வருஷம் கூடுவார்களாம். பிள்ளைகள் தங்கள் கையால் செய்ததைத்தான் பரிசாகக் கொடுக்க வேண்டும். கடையில் வாங்கியது செல்லாது.

போன வருஷம் அப்பாவுக்கு ஐஸ் குச்சியில் பேனா டப்பா செய்து கொடுத்தாளாம். அது காரிலேயே கழன்றுவிட்டது. இந்த வருஷம் நான் இருக்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பரிசு அவளுடையது, வீம்பு என்னுடையது. இந்த வீட்டில் இப்போது இருப்பவன் லேசுப்பட்டவன் இல்லை என்று அந்த மனிதருக்குத் தெரிய வேண்டும்.

குழிக்குள், பல் வார்ப்புக்கு ஊற்றுகிற வெள்ளைக் கல்மாவைக் கரைத்து ஊற்றினேன். குவளையைத் தட்டுவது அவள் பொறுப்பு. மாவில் பாதி சாப்பாட்டு மேசையில், மீதி அவள் தலையில். அவள் அம்மா வேலை முடிந்து வந்து பார்த்தால் எங்கள் இரண்டு பேருக்கும் அர்ச்சனைதான்.

முக்கால் மணி நேரம் கழித்து அச்சை வெட்டிப் பிரித்தேன். வெள்ளைக் கை வெளியே வந்தது. நகம், மடிப்பு, உள்ளங்கை ரேகை, ஒன்று விடாமல் விழுந்திருந்தது. எனக்கே கொஞ்சம் கர்வமாக இருந்தது.

சுண்டுவிரலின் ஓரத்தில் மட்டும் அரிசி அளவுக்கு ஒரு முண்டு. எங்கள் தொழிலில் இது அன்றாடம் பார்ப்பதுதான். அச்சில் காற்றுக் குமிழி சிக்கினால் வார்ப்பில் முண்டாக நிற்கும். கத்தியை எடுத்து இரண்டு சுரண்டு சுரண்டி, தேய்த்து வழவழப்பாக்கினேன். கைப்பழக்கம். யோசிக்கக்கூட இல்லை.

அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"இது என் கை இல்ல."

தன் கையை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். சுண்டுவிரலின் ஓரத்தில், அரிசி அளவுக்கு ஒரு முண்டு.

பிறந்தபோது அங்கே ஆறாவதாக ஒரு குட்டி விரல் ஒட்டிக்கொண்டிருந்ததாம். நூல் கட்டி எடுத்தபிறகு மிஞ்சியது அது. அப்பா தூங்கவைக்கும்போது ஐந்து விரலுக்கும் முத்தம் கொடுத்துவிட்டு, அதற்கும் தனியாக ஒன்று கொடுப்பாராம்.

எட்டு மாதமாக இந்தக் கைக்குத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுகிறேன். ஊர் வாயையெல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் பார்க்கிறவன், வீட்டில் இருக்கும் ஒரு கையைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

மணி மூன்று. அச்சுப் பொடி இன்னும் ஒரே ஒரு கைக்குத்தான் இருந்தது. இதுவும் கெட்டால், அவள் வெறுங்கையோடு போக வேண்டியதுதான்.

சுரண்டிய கையை மேசை ஓரம் வைத்துவிட்டு, பொடியைக் கரைத்தேன். இந்த முறை முதலில் அந்த முண்டைச் சுற்றி என் விரலாலேயே கூழைத் தடவினேன். அப்போதுதான் அங்கே காற்று சிக்காது. அவளுக்குக் கூச்சம், நெளிந்தாள். ஆனால் கையை எடுக்கவில்லை. எனக்குப் பதற்றமும் இல்லை. இந்த வேலை எனக்குத் தெரியும்.

சீக்கிரம் இறுகும் கல்மாவை ஊற்றினேன். இறுகியதும் கத்தியைத் தொடவில்லை. அச்சை நகத்தாலேயே கிள்ளிக் கிள்ளி எடுத்தேன். முண்டு முழுசாக இருந்தது.

கல்மாவு இறுகும்போது சூடாகும். அந்தச் சூடு ஆறுவதற்குள் அழைப்பு மணி அடித்தது.

அவர் என்னைவிடக் கொஞ்சம் குள்ளம். அதை நான் கவனித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

பரிசை எல்லாரும் கூடிய பிறகுதான் கொடுக்க வேண்டும். அவ்வளவு பொறுமை அவளுக்கு ஏது? அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, மேசையருகிலேயே கொடுத்துவிட்டாள்.

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். இவ்வளவு கதகதப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார். பிறகு அவருடைய கட்டைவிரல் நேராகச் சுண்டுவிரலின் ஓரத்துக்குப் போய் அங்கேயே நின்றது.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வேற யாரா இருந்தாலும் இத ஏதோ பிசிறுன்னு நெனச்சு சுரண்டியிருப்பாங்க. நீங்க விட்டு வச்சிருக்கீங்க."

நான் ஆசைப்பட்ட பாராட்டு, ஆசைப்பட்ட ஆளிடமிருந்து. வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன் என்று நம்புகிறேன்.

அவள் முந்திக்கொண்டாள். மேசை ஓரத்தில் கிடந்த இன்னொரு கையைச் செய்தித்தாளுக்கு அடியில் தள்ளிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"பல்லு மாமாவுக்கு என் கை நல்லாத் தெரியும்ப்பா."