மணப்பெண்ணுக்கு ஒரு ஏர்பிரஷ்

"கல்யாணப் பொண்ணு மேக்கப்புக்குத்தான்க்கா" என்று நர்மதா மூன்றாவது தடவையாகச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் குரல் ஒரு படி இறங்கிக்கொண்டே வந்தது.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், பியூட்டி பார்லர்களுக்குச் சாமான் விற்கிற கடை அது. கடைக்காரி லீலாவதி கண்ணாடி மேஜை மேல் மூன்று ஏர்பிரஷ்களை எடுத்து வைத்தாள். பேனா அளவுதான் இருந்தன. தலையில் குட்டிக் கிண்ணம், வாலில் காற்றுக்குழாய்.

"இது அமுக்குனாப் போதும், காத்தும் கலரும் ஒண்ணா வந்துரும். இந்த ரெண்டும் அப்படி இல்ல. அமுக்குனா காத்து, பின்னால இழுத்தாத்தான் கலரு. எது வேணும்?"

"இழுக்கிறது. ஓட்டை சின்னதா இருக்கணும்க்கா. தலைமுடி கனத்துக்குக் கோடு விழணும்."

"பொண்ணு மூஞ்சில கோடா போடப் போற? மாப்பிள்ளை தாலிய வச்சுட்டு ஓடிருவான்."

பக்கத்தில் வளையல் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். நர்மதாவுக்குக் காது மடல் சுட்டது.

கோடு போட வேண்டியது பஸ்ஸுக்கு. ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டி, ஒரு முழ நீளத்தில் அவள் செய்கிற பஸ். கை மட்டும் தெரிகிற மாதிரி அவள் போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு, ஓய்வு பெறப்போகும் டிரைவருக்குக் கொடுக்க ஒன்று வேண்டுமென்று டெப்போவில் கேட்டிருந்தார்கள். "தம்பி, வெள்ளிக்கிழமை வேணும்" என்று எழுதியிருந்தார்கள். தம்பி இல்லை என்று அவள் திருத்தவில்லை.

ஜன்னலுக்குக் கீழே ஓடுகிற மெல்லிய சிவப்புக் கோடு பிரஷ்ஷில் இரண்டு தடவை நெளிந்துவிட்டது. இரண்டு தடவையும் சுரண்டினாள். இன்னொரு தடவை சுரண்டினால் ஷீட் தாங்காது. வீட்டை விட்டு வெளியே போகவிருந்த அவளுடைய முதல் பஸ், போகாமலே நின்றுவிடும்.

இதையெல்லாம் கடையில் சொல்லிக் கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. போன மாதம் பெண் பார்க்க வந்த அம்மாள் ஒருத்தி, பிரிட்ஜ் மேலிருந்த பஸ்ஸைப் பார்த்து, "வூட்டுல சின்னக் கொழந்தை இருக்குதா?" என்று கேட்டாள். "எம் பெரிய பொண்ணு அனிதா மவன் வச்சு வெளையாடுறதுங்க" என்று அம்மா முந்திக்கொண்டாள். இருபத்து மூன்று வயது நர்மதா, காபி டம்ளரை நீட்டியபடி தரையைப் பார்த்தாள். அவர்கள் கிளம்பியதும் பஸ் கட்டிலுக்கு அடியில் போனது.

அரியலூர் என்றால் யாராவது தெரிந்த முகம் தட்டுப்படும். அதனால்தான் கீழப்பழுவூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருந்தாள்.

"மேக்கப்புன்னா பாயிண்ட் நாலு ஓட்டை எடுத்துக்க, பாப்பா" என்றாள் லீலாவதி. "பாயிண்ட் ரெண்டு உசுர வாங்கும். கொஞ்சம் கெட்டியா ஊத்துனா அடைச்சுக்கும். அதுலயும் சில்வர் ஊத்திட்டாப் போச்சு. ஊசியக் கழட்டித் தின்னர்ல ஊறப் போட்டுட்டு, மோட்டுவளையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்."

"பரவால்லக்கா. பாயிண்ட் ரெண்டே குடுங்க."

"அழுத்தக்காரிதான். சரி, அடிச்சுப் பாத்துட்டே எடுத்துக்க."

லீலாவதி குழாயைச் சின்ன கம்ப்ரஸரில் மாட்டி, கிண்ணத்தில் இரண்டு சொட்டு சிவப்பு விட்டு, வெள்ளை அட்டை ஒன்றைத் தள்ளினாள்.

நர்மதா குனிந்தாள். மேஜை மேல் கிடந்த டேப்பிலிருந்து அவள் கை தானாகவே இரண்டு துண்டு கிழித்தது. நடுவில் மயிரிழை இடம் விட்டு, அட்டையில் நேராக ஒட்டி, ஓரங்களை நகத்தால் அழுத்தியது. ஒரு பூச்சு அடித்தாள். காயவிட்டாள். இன்னொரு பூச்சு. மெதுவாக டேப்பைப் பிரித்தாள்.

இழுத்துக் கட்டிய நூல் மாதிரி நின்றது கோடு. எங்கே நிற்கிறோம் என்பதே மறந்து சிரித்துவிட்டாள்.

"ஏன் பாப்பா, மூஞ்சில டேப்பு ஒட்டித்தான் நீ மேக்கப்பு போடுவியா?" என்றாள் லீலாவதி.

"பிச்சா மீசையும் சேந்து வந்துரும்க்கா. ஒரே வேலையாப் போச்சு" என்றாள் வளையல் பார்த்தவர்களில் ஒருத்தி. கடையே அதிர்ந்தது.

நர்மதாவின் கைக்குள் அட்டை கசங்கியது. வாசலுக்கு நாலே எட்டுதான். ஆனால் வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. கால் நகரவில்லை. அந்தப் பெண்கள் வளையலை வாங்கிக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி படியிறங்கிப் போனார்கள்.

"இப்ப சொல்லு. நெசமா எதுக்கு?"

"பொம்மை பஸ்ஸுக்கு. நான்தான் செய்யறேன். வேற யாரும் இல்ல. பொட்டப்புள்ள இந்த வயசுல பஸ்ஸு வச்சு வெளையாடுதுன்னு யாருகிட்டயும் சொல்லிடாதீங்கக்கா."

லீலாவதி சிரிக்கவில்லை. கசங்கிய அட்டையை அவள் கையிலிருந்து வாங்கி மேஜையில் வைத்து நீவினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கோட்டை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தாள். பிறகு தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கடைக்குள் யாருமே இல்லாதபோதும் குரலைத் தாழ்த்தினாள்.

"கதவச் சாத்திட்டு உள்ள வா. நான் லாரி செய்யறேன்."