கிருமிகள் ஒதுங்கி நின்ற வட்டம்

பூங்காவனத்தம்மாளுக்கு ஆபரேஷன் செய்த தையல் சீழ் பிடித்து, ஆறவே மாட்டேன் என்றது. அந்தக் கிருமிகள் எந்த மருந்துக்குப் பயப்படும் என்று பார்க்க, அவற்றைக் கண்ணாடித் தட்டில் தடவி, மேலே இரண்டு மருந்து வில்லைகளை வைத்தார்கள்.

ஒருவன் ஊர்சுற்றி. தும்மல், சளி என்று யார் கூப்பிட்டாலும் போய் நிற்பவன். மற்றவன் மூலையன். அவனை யாரும் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. 'என்னைக் கண்டு எது பயப்படும்? அந்தம்மா பிழைக்கணுமே' என்று அவனுக்கு உள்ளூர உதறல்.

"ஓரமா நின்னு வேடிக்கை பாரு தம்பி," என்றான் ஊர்சுற்றி.

கிருமிகள் அவனைக் கண்டதும் ஓடிவந்தன. "வாங்க மாமா. போன மாசம் சளிக்கு வந்துட்டு ரெண்டே நாள்ல கிளம்பிட்டீங்களே," என்று மடியிலேயே ஏறி உட்கார்ந்தன.

பிறகு மூலையனைப் பார்த்தன. "இது யாருடி?"

"தெரியலையே. நீ வேணா கிட்டப் போய்ப் பாரு."

கிட்டப் போனவை திரும்பவில்லை. மற்றவை அலறி ஒதுங்க, மூலையனைச் சுற்றிப் பெருக்கிவிட்ட வாசல் மாதிரி ஒரு வட்டம் விழுந்தது. அவனுக்கே நம்ப முடியவில்லை.

அன்றைக்கே மூலையனின் சொந்தக்காரர்கள் ஊசி வழியாகப் பூங்காவனத்தம்மாளுக்குள் போனார்கள். தையல் காய்ந்தது. அந்தம்மா வார்டு முழுக்க நடந்து ஊர்க்கதை பேசினார்.

"இனி உனக்குத்தான் யோகம்," என்றான் ஊர்சுற்றி. "வா, வீடு வீடா அறிமுகப்படுத்துறேன். தெருவுக்குப் பத்துப் பேர் தும்முறாங்க."

மூலையன் சிரித்துக்கொண்டே டப்பாவுக்குள் இறங்கினான். "நல்லா இருப்பீங்க அண்ணே. எனக்கு அந்த மாமா உறவெல்லாம் வேண்டாம். போறப்ப அந்த மூடியைக் கொஞ்சம் இறுக்கி மூடிட்டுப் போங்க."