ஊற்றில் வந்த பச்சை

வண்டன்மேட்டு ஏலக்காட்டுச் சரிவில், லயத்து வீடுகளில் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர்கள் குடிநீர் பிடிக்கும் ஊற்றின் ஓரம் ராமலட்சுமி குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாள். மேலே பூச்சிமருந்து கலக்கும் தொட்டிக்குப் பக்கத்தில், அங்கே இறங்கும் தண்ணீர் ஊற்றுக்கு வருகிறதா என்று பார்க்க, ஆராய்ச்சி மாணவி எப்சிபா தீங்கில்லாத பச்சைச் சாயத்தை மண்ணுக்குள் ஊற்றி இன்று நாலாவது நாள். நடுவில் பாறை கிடக்கிறது, மருந்துத் தண்ணீர் இங்கே வராது என்பது சூப்பர்வைசரின் பேச்சு. ராமலட்சுமியும் அதை நம்பித்தான் இத்தனை வருஷமாகக் குடம் வைக்கிறாள். எப்சிபா கண்ணாடிக் குப்பியில் ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து, ஏலச்செடித் தட்டைகளுக்கு இடையே விழும் வெயிலுக்கு நேரே தூக்குகிறாள். நேற்றுவரை வெறும் தண்ணீர். இன்று அதற்குள் இளம்பச்சை மெல்ல மினுங்குகிறது. "பாறையில எங்கயோ வெடிப்பு இருக்குக்கா," என்கிறாள் எப்சிபா. ராமலட்சுமி குப்பியை வாங்கி, முந்தானையால் துடைத்து, மறுபடியும் பார்க்கிறாள். பச்சை போகவில்லை. "அப்ப மருந்தும் இந்த வழியாத்தான வந்துருக்கும்," என்கிறாள் மெதுவாக. பாதி நிறைந்த குடத்தைச் செடியடியில் கவிழ்க்கிறாள். தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி மறைவதைக் குனிந்து பார்த்தபடியே கேட்கிறாள்: "சாயம் மிச்சம் இருக்கா பிள்ள? ஓடைக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஊத்து கெடக்கு. அதுக்குத் தண்ணி எங்கருந்து வருதுன்னு பாப்பம்."