மறக்கச் சொல்லி அலைந்தவர்

சோமாலி மேய்ச்சல் வெளியில் அவாலே என்றொரு கவிஞர் இருந்தார். எழுதத் தெரியாதவர். அவர் வாயிலிருந்து விழுந்த பாட்டு ஒட்டகங்களை முந்திக்கொண்டு ஊர் ஊராகப் போய்விடும். ஒருமுறை ஹிர்ஸி என்பவனைக் கோழை என்று இகழ்ந்து, அடிக்கு அடி மோனை வைத்துப் பாடினார். அந்த வசை பொறுக்காமல் ஹிர்ஸி ஈட்டியை எடுத்துக்கொண்டு தனியாகச் சண்டைக்குப் போனான். திரும்பி வரவில்லை.

அன்றிலிருந்து அவாலே கிணறு கிணறாக நடந்து, அந்தப் பாட்டை மறந்துவிடும்படி எல்லோரையும் கெஞ்சினார். வெண்புழுதி மிதக்கும் அந்த வெளியில் அவர் எங்கே போனாலும், பாட்டு அவருக்கு முன்பே போய் உட்கார்ந்திருந்தது.

ஒரு கிணற்றில், ஒரு பெண் அதைப் பாடிக்கொண்டே ஒட்டகங்களுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் பாட்ட விட்டுரும்மா. கட்டினவன் நான்தான். அது பொய்.”

அவள் கயிற்றை நிறுத்தவில்லை. “பொய்யின்னு எனக்குத் தெரியாதா? நான் ஹிர்ஸி பொண்டாட்டி.”

அவாலே தலைகுனிந்தார்.

“எங்களுக்குப் புள்ள இல்ல. அவரு பேரச் சொல்ல இந்தப் பாட்ட விட்டா வேற யாரு இருக்கா? கோழைன்னே சொல்லட்டும். இதையும் வாங்கிட்டுப் போயிராதீங்க.”

அவர் அவள் கையிலிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டார். கடைசி ஒட்டகம் குடித்து முடிக்கும்வரை அவள் பாடினாள், அவர் இறைத்தார். ஹிர்ஸியின் பெயர் வரும் இடத்தில் மட்டும் அவருடைய உதடுகளும் அசைந்தன.