பிள்ளை தூங்கும் வீடு

மகளைப் பார்க்கக் கேரித் தீவுக்குப் போயிருந்த லோகேஸ்வரி வீடு திரும்பினாள். பக்கத்து வீட்டு வாசலில், பிரசவத்துக்குப் போயிருந்த மலர்விழியின் செருப்பு கிடந்தது.

அந்த வீட்டுக் கார் போர்ச்சிலோ மலர்விழியின் கணவன் தேவேந்திரனின், கணினியில் ஓடும் சிஎன்சி மிஷின் மரத்தைச் செதுக்கி அலறிக்கொண்டிருந்தது. லோகேஸ்வரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"டேய் தேவா, அறிவே இல்லையா லா? பச்சப்புள்ள இருக்கிற வீட்டுல இப்படியா சத்தம் போடுவ?"

தேவேந்திரன் மிஷினை நிறுத்தினான். "இன்னும் கொஞ்சந்தான் ஆன்டி."

"தூசி வேற! புள்ளைக்கு மூச்சு முட்டாதா?"

அவன் துணியை எடுத்து மேசையில் படிந்த மரத்தூளைத் துடைத்தான்.

மேசைமேல் ஒரு சின்னத் தேக்குப் பெட்டி இருந்தது. நான்கு பக்கமும் பட்டாம்பூச்சிகள். கோபத்தோடேயே அதைத் தடவிப் பார்த்தாள்.

"பொம்ம போட்டு வைக்கவா? அழகா செஞ்சிருக்க. ஆனா மூடிக்குக் கீலு எதுவும் காணோமே, எப்படித் திறக்கிறது?"

"திறக்க வேணாம் ஆன்டி."

"என்ன பெட்டியோ போ! மிச்சத்த நாளைக்குப் பாரு. புள்ள முழிச்சிக்கப் போவுது."

"நாளைக்கு முடியாது. சாயங்காலமே வேணும்."

கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினான். மூடியில் செதுக்க வேண்டிய எழுத்துகளுக்கான கட்டம் காலியாக இருந்தது.

"பேர் வைக்கிறதுக்குள்ள போயிட்டான் ஆன்டி. இதுல நான் என்னன்னு போடுறது?"