மூன்றாவது கணினி

ஒரே மின்சுற்றுப் பலகையை இரண்டு கணினிகளாக ஓட்டும் ஹைப்பர்வைசர் மென்பொருளை உள்ளங்கையளவு புது ஆர்ம் சில்லுப் பலகைக்குப் பொருத்துவதுதான் நிர்மலனின் வேலை. சுன்னாகத்து வாடகை அறையில் மூன்று மாதமாகப் போராடுகிறான். இன்று பின்னேரம் கம்பனிக்கு ஓட்டிக் காட்டாவிட்டால் வேலை போய்விடும்.

இரண்டு கணினிகளும் ஓடின. மடிக்கணினித் திரையோ மூன்று ஓடுவதாகக் காட்டியது. நினைவகம் முழுவதையும் இரண்டுக்கும் சரிபாதியாகப் பிரித்திருந்தான். மூன்றாவதற்கு இடமே இல்லை.

அதை அழித்தான். திரும்ப வந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றினான். திரும்ப வந்தது.

"கரண்ட் வயரைக் கழட்டு நிரோஜா!" என்று கத்தினான்.

கூட வேலைசெய்யும் நிரோஜா பலகையின் வயரை உருவினாள். திரையில் முதலிரண்டும் மறைந்தன. மூன்றாவது மட்டும் மறையாமல் நின்றது. அதன் கீழே எழுத்துகள் மெல்ல வந்தன.

"அண்ணை, இஞ்சை இருட்டாக் கிடக்கு."

நிரோஜா வயரைத் திரும்பச் செருகினாள்.